சேம அச்சும் சிறு வண்டியும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் ஆசிரியரிடம் கேட்பவை பெரும்பாலும் பயிற்சி நூல்களைப் பற்றியும் கூடுதல் வகுப்பைப் பற்றியுமாகவே இருக்கும். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என்னைப் பள்ளி வாயிலில் நிறுத்தி வேறொன்று கேட்டார். "சார், காருக்குப் பின்னால மாட்டி இழுக்கிற சின்ன கேரவன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஆத்தோரம், கடலோரம்னு போய்த் தங்கலாம். நீங்கதான் சாரணர் பிள்ளைங்கள முகாமுக்கு அழைச்சிட்டுப் போறவரு. எது நல்லதுன்னு சொல்லுங்களேன்."

கூடாரம் அடிக்க எனக்குத் தெரியும். கயிற்று முடிச்சுகள் தெரியும். சக்கரம் பூட்டிய வீட்டைப் பற்றி என்ன தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி வீடு திரும்பினேன். விசாரிக்கத் தொடங்கியபோது என் கை முதலில் சென்றது கார் இதழ்களுக்கன்று, சங்க நூல்களுக்கு. தமிழாசிரியனுக்கு வேறு போக்கிடம் ஏது என்று என் துணைவியார் சிரித்தார். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையில் பாதி அங்கேதான் கிடந்தது.

உமணர் என்போர் நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அந்தத் தொடருக்கு ஒழுகை என்று பெயர். அவர்கள் தனியே செல்லவில்லை, குடும்பத்தோடு சென்றார்கள். பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியை உறுப்பு உறுப்பாக நமக்குக் காட்டுகிறார். சக்கரங்களின் மேல் வேய்ந்த கூரை. கோழிகள் அடையும் கூடு. பெண் யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி நிரப்பிய கலம் வண்டியின் முகப்பில் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய ஆடவர் வண்டித் தொடரின் மருங்கே காவலாக நடக்கின்றனர்.

முட்டைக்குக் கோழி, குற்றுவதற்கு உரல், காடிக்குக் கலம், தலைக்கு மேல் கூரை. இன்றைய விற்பனைக் கூடத்தில் இதைத்தான் 'சமையல் வசதியுடன் கூடிய பயண வண்டி' என்று விளம்பரம் செய்கிறார்கள்! சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் இன்னும் ஒருபடி மேலே சென்று, உமணரோடு பயணம் செய்யும் மந்தி ஒன்றையும் காட்டுகிறார். அது கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டு, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. நெடும் பயணத்தில் சிறு பிள்ளைகள் சலிப்படையாமல் இருக்க என்ன செய்வது என்ற கவலை அன்றே இருந்தது போலும்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் புகழ்கிறார். புகழ்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை ஒரு வண்டி. எருதுகள் இளையவை, நுகத்திற்குப் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே உமணர், இருக்கும் அச்சின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மன்னன் அத்தகையவன் என்பது புலவரின் கருத்து. மன்னனை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பாருங்கள். இழுக்கும் வலிமை எவ்வளவு, ஏற்றிய பாரம் எவ்வளவு, வழியின் ஏற்ற இறக்கம் எத்தகையது என்ற மூன்றையும் ஒளவையார் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார். இழுவை வண்டி வாங்க எண்ணும் எவரும் கேட்க வேண்டியவையும் இம்மூன்றே.

இரட்டைச் சக்கர மாட்டு வண்டியின் அமைப்பு அதன் பின்னர் பெரிதாக மாறவில்லை. தமிழகத்தில் பாரம் ஏற்ற மொட்டை வண்டியும், குடும்பமாகச் செல்லக் கூண்டு வண்டியும், வசதி படைத்தோருக்கு வில் வண்டியும் இருந்தன. திருவிழாவிற்குச் செல்வோர் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, பிள்ளைகளை உறங்க வைத்து இரவெல்லாம் பயணம் செய்தனர். கட்டுச் சோறும் தண்ணீர்ச் செம்பும் உடன் வரும். மாடுகளை அவிழ்த்துக் கட்டிய இடமே அன்றைய வீடு. அடியில் லாந்தர் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

வண்டியோட்டிகளுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கு உண்டு. முன்பக்கத்தில் சுமை மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு விரைவில் களைத்துவிடும். பின்பக்கத்தில் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்ப, நுகம் தூக்கிக்கொண்டு கயிறு கழுத்தை இறுக்கும். சுமை அச்சின் மேல் நின்று, சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நெல் மூட்டையை எங்கே வைப்பது, மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் இக்கணக்கின்படியே நடந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலாயாவிற்கு வந்த நம் முன்னோரோடு இந்த வண்டியும் வந்தது. சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் என்னும் வட்டாரம், மாட்டு வண்டிகளில் தண்ணீர் கொண்டு செல்லப்பட்டதனால் அப்பெயர் பெற்றது. பேராக்கில் நிலைமை வேறு. 1879-இல் இங்கு வந்த ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்ட், தைப்பிங்கிலிருந்து கோலாகங்சாருக்குச் செல்ல யானை மீதேற வேண்டியிருந்தது. அந்தப் பயணம் சுகமாக இல்லை என்பதை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே நாட்டின் முதல் இரயில் ஓடியது. சாலைகளும் தண்டவாளங்களும் பெருகப் பெருக, ஈயமும் இரப்பரும் அவற்றில் ஏறிக்கொண்டன. மாட்டு வண்டி தோட்டத்திற்குள்ளேயும் சிற்றூரிலேயும் ஒதுங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க என்னால் இயலவில்லை. 'வீட்டைத் தூக்கிக்கொண்டு போவது' என்ற சொல் நம் தாத்தா பாட்டிகளின் காதில் இன்பமாக ஒலித்திருக்காது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930 முதல் 1932 வரை, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவசரகாலத்தில், 1950 முதல், ஐந்து இலட்சம் மக்களளவில், பெரும்பாலும் சீனர்கள், இருந்த குடிசைகளை விட்டுப் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். நம் ஜெலாப்பாங்கில் உள்ள புதுக்கிராமமும் அந்தக் காலத்தின் சுவடே. பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. பெருந்தோட்டங்கள் கூறு கூறாக விற்கப்பட்டபோது, வேலை போனவருக்கு வீடும் போயிற்று. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது அல்லவா? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கும், பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து அதில் பங்குதாரர் ஆனதற்கும் காரணம் அதுதான். தகரப் பெட்டியும், பாயும், அம்மிக்கல்லும், சாமி படமும் லாரியில் ஏறிய கதைகள் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. உங்கள் வீட்டு முதியவரைக் கேட்டுப் பாருங்கள். லாரியில் எதை ஏற்றினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படி வேறு வழியின்றி வீட்டைச் சுமந்தவர்களின் பேரன், இன்று பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகச் சிறு வீடு ஒன்றை இழுத்துச் செல்ல விரும்புகிறார். இதை வீண் செலவு என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்பத்திற்காக வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிய வரலாறு பேராக்கின் முதல் இரயில் ஓடிய அதே 1885-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. கப்பற்படை மருத்துவராக இருந்து, பின்னர்ச் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் செய்வித்தார். 18 அடி நீளம். ஏறத்தாழ இரண்டு டன் எடை. உயர்ந்த மரங்களால் ஆன சுவர், நூலடுக்கு, சமையல் அடுப்பு எல்லாம் உள்ளே. ஒரு நாயும் ஒரு கிளியும் உடன் சென்றன. உமணரின் மந்தி இங்கே கிளியாகிவிட்டது. வண்டி மிகப் பெரியதாக இருந்தமையால், எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றார். அதே சாலைகளில் ரோமானி நாடோடிகள் தலைமுறை தலைமுறையாக வண்டிகளில் வாழ்ந்து வந்தார்கள். அவர்களை ஊர்கள் விரட்டின. அவர்களைப் போலவே வண்டியில் சென்ற கனவானை ஊர்கள் வரவேற்றன. வரலாற்றில் இத்தகைய முரண்களுக்குப் பஞ்சமில்லை. 1907-இல் அங்கே கேரவன் சங்கமும் அமைந்தது.

ஸ்டேபிள்ஸின் வண்டி அழகானதுதான். ஆனால் ஒரு குடும்பம் அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. குதிரைகள் இரண்டு, வண்டியோட்டி ஒருவர், பணியாள் ஒருவர் வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வரலாறு, இந்த எடையைக் குறைக்கப் பாடுபட்டவர்களின் வரலாறு. முதல் உலகப் போர் முடிந்தபின் 1919-இல் பர்மிங்காமின் எக்கில்ஸ் நிறுவனம் காரால் இழுக்கத்தக்க கேரவனைச் செய்து விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஹாலி பவுலஸ் என்பவர் மிதவை வானூர்திகள் செய்து பழகியவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த வானூர்தியின் கட்டுமானத்தை மேற்பார்த்தவரும் அவரே. அவர் 1934-இல் வானூர்திக்குரிய அலுமினியத் தகட்டால் ஓர் இழுவை வண்டி செய்தார். அதன் எடை ஏறத்தாழ 500 கிலோ. அவ்வழியைப் பின்பற்றி வாலி பயம் என்பவர் 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை வெளியிட்டார். வானில் ஏற வேண்டிய ஒன்றில் ஓர் அவுன்சு கூட வீணாக இருக்கக்கூடாது என்ற ஒழுக்கம், தரையில் உருளும் வீட்டிற்கும் வந்து சேர்ந்தது.

இதே முப்பதுகளில் இன்னும் சிறிய ஒன்று பிறந்தது. கண்ணீர்த்துளி வடிவம் என்பார்கள். உள்ளே இருவர் படுக்க மட்டுமே இடம், நிற்க முடியாது. பின்புறக் கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை தெரியும். சமைப்பவர் வெளியே நின்று சமைப்பார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பலர் இதைத் தம் வீட்டுப் பின்கட்டிலேயே செய்துகொண்டனர். உமணப் பெண் உரலை வெளியே தொங்கவிட்டதை எண்ணிப் பார்க்கிறேன். நம் வெப்ப நாட்டில் சாம்பார் கொதிக்கும் அடுப்பை, படுக்கும் அறைக்குள் வைத்துக்கொண்டு யாரால் உறங்க முடியும்? நமக்குச் சமையல் வெளியே இருப்பதுதான் பொருந்தும்.

1968-இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடியிழையால் 'போலர்' என்ற வண்டியைச் செய்தார். 13 அடி நீளம். முட்டை ஓட்டின் இரு பாதிகளைச் சேர்த்தாற்போல் மேலும் கீழும் இரண்டே வார்ப்புகள். இணைப்புகள் குறைவாதலால் மழைநீர் கசியும் இடமும் குறைவு. இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதற்கு முன் அவர் கண்ணாடியிழையில் கழிவுநீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தார்! மாணவர்களிடம் இதைச் சொன்னபோது வகுப்பறையில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த மழைநீர்ச் செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. மாலைதோறும் கொட்டும் ஈப்போ மழையில், மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்த பழைய வண்டி உள்ளிருந்தே உளுத்துப்போகும். வெளியே பளபளக்கும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் மூலைகளை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாகங்சாரிலிருந்து வரும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, மலையைக் கடந்து மெனோரா சுரங்கப்பாதையின் வழியே இறங்கி ஜெலாப்பாங்கை வந்தடைகிறது. அந்த இறக்கத்தின் அடிவாரத்தில்தான் முன்பு கட்டணச் சாவடி இருந்தது. மேலிருந்து இறங்கும் கனரக வண்டிகள் நெடுக நிறுத்துவிசையை மிதித்துக்கொண்டே வரும். உராய்வின் சூட்டில் நிறுத்துவிசை பிடிப்பை இழந்துவிடும். எதிரே வரிசையில் நிற்கும் கார்கள். அங்கே நேர்ந்த விபத்துகளை இவ்வூரார் மறக்கவில்லை. 2009-இல் அச்சாவடி அகற்றப்பட்டது. சாவடி போய்விட்டது, இறக்கம் போகவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது என்ன நேரும் என்று ஒளவையார் கேட்டது இந்த இறக்கத்தைப் பார்த்துக் கேட்டது போலவே இருக்கிறது.

காருக்குப் பின்னால் 800 கிலோவைக் கட்டிக்கொண்டு இவ்விறக்கத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரின் நிறுத்துவிசை, ஏறத்தாழ இருமடங்கு எடையின் வேகத்தைச் சூடாக மாற்ற வேண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அழகையன்று. நம் காரின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்பதை. சில சிறிய கார்களில் இழுக்கவே கூடாது என்றிருக்கும். அப்படியானால் பேச்சு அத்தோடு முடிந்தது. புதிதாக இழுக்கப் பழகுவோர், காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது பிரிட்டனில் சொல்லப்படும் அறிவுரை. நான் அதையும் பாதியாக்கச் சொல்வேன். இறக்கத்திற்கு முன்பே கீழ் விசைப்பல்லுக்கு மாற்றி, இயந்திரமே வேகத்தைப் பிடித்து நிறுத்துமாறு செய்தல் வேண்டும். இழுவை வண்டிக்கெனத் தனி நிறுத்துவிசை இருப்பின் மிகவும் நன்று.

முன்பாரக் கணக்கு இங்கேதான் வருகிறது. பின்பக்கம் சுமை மிகுந்த இழுவை வண்டி, வேகமெடுத்ததும் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையே புரட்டிவிடும். எனவே இணைப்புக் கொக்கியின் மேல் சிறிது முன்பாரம் இருந்தாக வேண்டும். வண்டியின் மொத்த எடையில் பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடும், அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடும் முன்பாரம் வேண்டும் என்கிறார்கள். மாட்டின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தே நம் வண்டியோட்டிகள் இதைக் கண்டுகொண்டார்கள்.

எடை கூடும் விதத்தையும் பெற்றோர்கள் அறிய வேண்டும். விற்பவர் சொல்வது வெறும் வண்டியின் எடை. அறுபது லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அறுபது கிலோ. நம் சமையலறையில் இருக்கும் 14 கிலோ எரிவாயுக் கலத்தை உருளையோடு நிறுத்தால் ஏறத்தாழ இருமடங்கு வரும். அதன்மேல் அரிசி, குளிர்பெட்டி, மடக்கு நாற்காலிகள், 'எதற்கும் இருக்கட்டும்' என்று அம்மா எடுத்து வைக்கும் மூன்று சட்டிகள். உமணர் ஒரே ஓர் உரலைத்தான் தொங்கவிட்டனர். மாற்றாக அவர்கள் கட்டிச் சென்றது சேம அச்சை. நமக்கு அது காற்றடைத்த மாற்றுச் சக்கரமும் தூக்கியும். அவற்றை வீட்டில் விட்டுவிட்டு மூன்றாவது சட்டியை ஏற்றாதீர்கள். வாங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் பதிவு, உரிமம் பற்றி நேரில் கேட்டுவிடுதல் நலம்.

வண்டியைத் தேர்ந்தாயிற்று, எங்கே அவிழ்ப்பது? உமணர் தண்ணீரும் மேட்டுநிலமும் பார்த்து அவிழ்த்தனர். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டனர். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பள்ளியின் ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தனர். அச்செய்தியைக் கேட்ட நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் பேசவில்லை. சரிவின் அடிவாரம் நிழலாக இருக்கும், ஆற்றங்கரை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தொடர்மழைக் காலத்தில் இரண்டுமே தங்குவதற்குரிய இடங்கள் அல்ல. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை, மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர்ப் பெருக்காக வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலும், இலைச் சருகுகள் மிதந்து வந்தாலும் பிள்ளைகளை உடனே கரையேற்ற வேண்டும். கொக்கியை மாட்டிய மறுகணமே கிளம்பக்கூடிய சிறிய வண்டியின் உண்மையான பயன் அப்போதுதான் தெரியும். பெரிய வண்டியைச் சேற்றில் திருப்புவதற்குள் காலம் கடந்துவிடும்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் சொல்லி, வாங்குவதற்கு முன் பள்ளிச் சாரணர் கூடாரம் ஒன்றை இரவல் கொடுத்தேன். மழையற்ற ஒரு வார இறுதியில், செம்மோர் அருகேயுள்ள உலு செப்போருக்குக் குடும்பத்தோடு சென்று, மேடான திறந்த வெளியில் ஓர் இரவு தங்கி வந்தார். எடுத்துச் சென்ற பொருள்களை அவர் மகள் ஒரு தாளில் எழுதி, பயன்படாதவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். தாளில் பாதிக்கு மேல் சிவப்பு. "சார், நான் பார்த்து வெச்ச கேரவன் பதினாறு அடி. இப்ப பத்து அடியே போதும்னு நெனைக்கிறேன்" என்றார். தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த தவணையில் ஆறாம் ஆண்டுக் கணித ஆசிரியர் எடை அளவைப் பாடத்திற்கு அதைக் கேட்டிருக்கிறார்.